குழந்தைகள் இல்லாமல் டிஸ்னி வேர்ல்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருடம்தான் நானும் கணவரும் முதன்முறையாக இரண்டு பேர் மட்டும் டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குப் போனோம். அட்லாண்டாவிலிருந்து காரில் ஏழு மணி நேரம். அதற்கு முன்பு இரண்டு முறை பிள்ளைகளோடு போயிருக்கிறோம். அந்த இரண்டு பயணங்களிலும் நான் நன்றாகப் பார்த்தது ஸ்ட்ரோலர் என்ற குழந்தைத் தள்ளுவண்டியின் கைப்பிடியையும் கழிப்பறை வாசலையும்தான். இருவராகப் போகத் தொடங்கிய பிறகு நான்கு முறை ஆகிவிட்டது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக அழைத்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

இந்த வயதில் மிக்கி மௌஸைப் பார்க்கப் போனால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

அங்கே உங்களைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. நுழைந்த பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்: தேனிலவுக்கு வந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், தோழிகள் கூட்டம், தனியாக வந்து பெஞ்சில் பாப்கார்ன் கொறிக்கும் ஆள் என்று பெரியவர்கள் நிறையவே இருப்பார்கள். விருந்தினர் சேவை மையத்தில் கேட்டால் பிறந்தநாள், திருமண நாள், முதல் வருகை என்று எழுதிய வட்ட பேட்ஜ் இலவசமாகத் தருவார்கள். ஒருமுறை அங்குள்ள நான்கு பூங்காக்களில் ஒன்றான எப்காட்டில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்த கிழவரும் கிழவியும் திருமண நாள் பேட்ஜ் குத்தியிருந்தார்கள். அவர் அதில் பேனாவால் ‘51’ என்று எழுதியிருந்தார். அந்த அம்மாள் உடனே, ‘52, இவருக்குக் கணக்கு வராது’ என்றார்.

சிரிப்பவர்கள் எல்லாம் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படம் அனுப்பாமல் இருந்தால் போதும்.

பெரியவர்களுக்கு மட்டும் என்று டிஸ்னி வேர்ல்டில் ஓட்டல் இருக்கிறதா?

இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் போய் ஏமாந்தவர்கள் உண்டு. எந்த ஓட்டலில் தங்கினாலும் நீச்சல் குளத்தில் பிள்ளைகள் கும்மாளம் போடத்தான் செய்வார்கள். பெரிய ஓட்டல்கள் பலவற்றில் சறுக்கு மரம் உள்ள முக்கியக் குளத்தைத் தவிர, ஒதுக்குப்புறமாகச் சிறிய குளம் ஒன்றும் இருக்கும். அதை ‘அமைதிக் குளம்’ என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அங்கே தடையில்லை. சறுக்கு மரம் இல்லாததால் அவர்களே வர மாட்டார்கள்.

வயதுக் கட்டுப்பாடு உள்ள இடங்கள் சில உண்டு. கிராண்ட் ஃப்ளோரிடியன் ஓட்டலில் உள்ள ‘விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ்’ உணவகத்தில் 10 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிப்பதில்லை. உடைக் கட்டுப்பாடும் உண்டு. 2024-இல், உணவகங்களுக்கான உயர்ந்த அங்கீகாரமான மிஷ்லின் நட்சத்திரம் பெற்ற இடம். விலையும் அதற்கேற்ப இருக்கும். மேஜிக் கிங்டம் பூங்காவின் அடியில் ஊழியர்களும் வேடமிட்டவர்களும் நடமாடும் சுரங்கப் பாதைகளைக் காட்டும் ‘கீஸ் டு தி கிங்டம்’ சுற்றுலாவுக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். நாம் தரை என்று நினைத்து நடக்கும் தெருவெல்லாம் உண்மையில் முதல் மாடி என்பது அங்கேதான் புரியும். சதுப்பு நிலம் என்பதால் தோண்டாமல், பாதையைத் தரைமட்டத்தில் கட்டி, மேலே பூங்காவை வைத்திருக்கிறார்கள். மிக்கியின் தலை கழன்றிருக்கும் காட்சியைக் குழந்தைகள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வயது வரம்பு என்று என் கணவர் சொல்வார்.

இவை போக, குழந்தைகள் இல்லாத இடத்தைத் தேடுவதைவிட, அவர்கள் இல்லாத நேரத்தைத் தேடுவது எளிது. இரவு ஒன்பதுக்கு மேல் பாதி ஸ்ட்ரோலர்கள் கிளம்பிவிடும்.

எந்த மாதம் போவது நல்லது?

பள்ளி நாட்காட்டிக்கு நாம் கட்டுப்படாதவர்கள். குழந்தை இல்லாத பயணத்தின் முதல் சொத்து அதுதான். அமெரிக்கப் பள்ளிகள் திறந்திருக்கும் நாட்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை, ஈஸ்டரை ஒட்டிய வாரங்கள், நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் வாரம் ஆகிய மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தவிர்த்துவிடலாம். ஜனவரியில் மாரத்தான் ஓட்டம் நடக்கும் வார இறுதியையும், பிப்ரவரியில் அதிபர்கள் தினத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் மிகக் குறைவாக இருப்பது செப்டம்பரில். ஆனால் வெயில் நம் சித்திரை மாதத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு இடி மழை கொட்டும். அரை மணியில் நின்றதும் தரையிலிருந்து ஆவி கிளம்பும். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2024 அக்டோபரில் மில்டன் புயலுக்காக எல்லாப் பூங்காக்களையும் மூடினார்கள். அந்த மாதங்களில் போவதானால் ரத்து செய்யும் விதிகளைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எனக்குப் பிடித்தது டிசம்பரின் முதல் பத்து நாட்கள். கிறிஸ்துமஸ் அலங்காரம் முழுதாக வந்திருக்கும், கிறிஸ்துமஸ் கூட்டம் வந்திருக்காது. மாலையில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். எப்காட்டில் பெரிய பாடகர் குழுவும் இசைக் குழுவும் சேர்ந்து கிறிஸ்து பிறப்பின் கதையை நிகழ்த்துவார்கள்; பிரபலம் ஒருவர் வாசிப்பார். நான் கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனாலும் இரண்டு வருடங்கள் அதற்காகவே தேதி குறித்தேன்.

இன்னொரு நுணுக்கம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை ஹாலோவீனுக்கும், நவம்பர், டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கும் மேஜிக் கிங்டமில் தனி டிக்கெட்டுடன் இரவு விருந்து நடக்கும். அந்த நாட்களில் மற்றவர்களை மாலையிலேயே வெளியேற்றிவிடுவார்கள். இரவு வாணவேடிக்கை கிடைக்காது என்று குடும்பங்கள் அந்த நாளைத் தவிர்ப்பதால் பகலில் வரிசை குறையும். வாணவேடிக்கையை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை நாட்கள் வேண்டும்?

பூங்காக்கள் நான்கு: மேஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டூடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998). ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் என்று நான்கு நாள் டிக்கெட் எடுத்து, ஐந்தாவதாகப் பூங்காவே இல்லாத ஒரு நாளை நடுவில் செருகிக்கொள்ளுங்கள். அந்த நாளில் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். தூங்குங்கள். மதியம் குளத்தங்கரையில் புத்தகம் படியுங்கள். மாலையில் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்குப் பஸ்ஸில் போய் வாருங்கள். அதற்கு டிக்கெட் கிடையாது.

முதல் பயணத்தில் நான் ஒரு எக்செல் அட்டவணை போட்டேன். காலை 7.10, 7.45, 8.30 என்று சவாரி வாரியாக. இரண்டாம் நாள் மாலை நானும் கணவரும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் பெரிதாக எதுவும் இல்லை, ஒரு ஐஸ்கிரீம். அவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார், நான் நடந்துகொண்டே சாப்பிடலாம் என்றேன். அன்று இரவே அட்டவணையை அழித்துவிட்டேன். பிள்ளைகளை மேய்த்த பழக்கத்தில் அவரையும் மேய்த்திருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

ஒரே நாளில் பூங்கா மாறும் ‘பார்க் ஹாப்பர்’ டிக்கெட் பெரியவர்களுக்குத்தான் உண்மையில் பயன்படும். மதியத் தூக்கம் போடும் குழந்தையோடு யாரும் இரண்டு பூங்கா பார்க்க முடியாது. அனிமல் கிங்டமை மாலையிலேயே மூடிவிடுவார்கள். காலையில் அங்கே மிருகங்களைப் பார்த்துவிட்டு, அறையில் குளித்து உடை மாற்றி, இரவை எப்காட்டில் கழிப்பது எங்கள் வழக்கம்.

எங்கே தங்குவது?

டிஸ்னி தன் ஓட்டல்களை மலிவு, நடுத்தரம், உயர்தரம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. மலிவு என்பது டிஸ்னியின் அகராதிப்படி மலிவு. எதில் தங்கினாலும் பூங்கா திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே போகலாம். பஸ், படகு, மோனோரயில் எல்லாம் இலவசம். அறைக்கு கார் நிறுத்தக் கட்டணம் இல்லை. உயர்தர ஓட்டல்களில் தங்குகிறவர்களுக்குச் சில இரவுகளில் பூங்கா மூடிய பிறகும் கூடுதல் நேரம் உண்டு.

இருவராகப் போகிறவர்களுக்கு நான் மூன்று இடங்களைச் சொல்வேன். காசு பிரச்சினையில்லை என்றால் எப்காட்டின் பின்வாசலை ஒட்டிய போர்டுவாக், யாட் கிளப், பீச் கிளப். இரவு சாப்பாடு முடிந்து ஏரிக்கரையோரமாக நடந்தே அறைக்கு வந்துவிடலாம். பஸ்ஸுக்குக் காத்திருந்து, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட அப்பாக்களின் நடுவே நின்று வரவேண்டியதில்லை. கையிருப்பு அளவாக இருந்தால் பாப் செஞ்சுரி. மலிவு வகைதான், ஆனால் வாசலிலிருந்தே ஸ்கைலைனர் என்ற கம்பிவட ஊர்தி எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் போகிறது. பழனி விஞ்ச் போல ஏறாமல் சமதளத்தில் மிதந்து போகும். இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது, அனிமல் கிங்டம் லாட்ஜ். எல்லாவற்றுக்கும் தூரம், பஸ்ஸைத் தவிர வேறு வழியில்லை. ஆனாலும் ஒரு முறையாவது புல்வெளியைப் பார்த்த அறையில் தங்கிவிட வேண்டும். நான் எங்கே போனாலும் சின்ன டிகாக்‌ஷன் ஃபில்டரும் காபிப் பொடியும் எடுத்துப்போகிறவள். அங்கே முதல் நாள் காலை ஆறரை மணிக்கு டம்ளரோடு பால்கனியில் நின்றேன். கீழே பனியில் இரண்டு வரிக்குதிரைகள். ஒட்டகச்சிவிங்கி ஒன்று மரத்தடியில் நின்று மென்றுகொண்டிருந்தது. தாடை பக்கவாட்டில் அரைபடும் விதம் அப்படியே எங்கள் வீட்டுப் பசுவைப் போலவே இருந்தது. காபி ஆறிப்போனது தெரியவில்லை. அன்று பூங்காவுக்குப் பத்தரைக்குத்தான் போனோம்.

எல்லாப் பூங்காவிலும் பெரியவர்களுக்கு ஏற்றது எது?

எப்காட். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

வால்ட் டிஸ்னி அதை ஒரு பூங்காவாக நினைக்கவே இல்லை. மக்கள் குடியிருந்து வேலை பார்க்கும் வருங்கால நகரம் ஒன்றை அங்கே கட்டுவதாகத்தான் திட்டம் போட்டார். 1966 டிசம்பரில் அவர் இறந்துபோனார்; நிறுவனம் நகரத்தைக் கைவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு 1982-இல் பூங்காவைத் திறந்தது. அதனாலோ என்னவோ, இன்றும் அங்கே ஒரு பொருட்காட்சியின் வாடை அடிக்கும். குழந்தைகளுக்கு அது சலிப்பு. நமக்குத் தீவுத்திடல் நினைவு வரும்.

பின்பாதியில் ஓர் ஏரி. அதைச் சுற்றி மெக்ஸிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா என்று பதினொரு நாடுகளின் அரங்குகள். இந்தியா இல்லை. ஒவ்வொரு முறையும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதற்காகக் கொதித்துப்போவார். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். இந்தப் பகுதியை வழக்கமாகப் பதினொரு மணிக்குத்தான் திறப்பார்கள், ஆகவே காலையில் ஓட வேண்டாம்.

ஜப்பான் அரங்கின் உள்ளே மிட்சுகோஷி நிறுவனத்தின் கடை இருக்கிறது. பீங்கான் கிண்ணம், காகிதம், மிட்டாய் என்று ஒரு மணி நேரம் பார்க்கலாம். கடைசி மூலையில் சாக்கே என்ற அரிசி மதுவை ஊற்றித் தருவார்கள். மொராக்கோ அரங்கின் ஓடுகளைப் பதிக்க அந்நாட்டு மன்னர் தம் கைவினைஞர்களையே அனுப்பிவைத்தார். சுவர் அருகே போய்ப் பாருங்கள். விரல் நகம் அளவு துண்டுகள், ஒன்றோடொன்று மயிரிழை இடைவெளியில் சேர்ந்திருக்கும். மெக்ஸிகோவின் பிரமிடுக்குள் நுழைந்தால் பகலிலும் அந்திநேரம். குழந்தைகளோடு வந்தபோது இந்த மூன்று இடங்களையும் நான் கடந்துதான் போயிருக்கிறேன், பார்த்ததில்லை.

இலையுதிர் காலத்தில் நடக்கும் உணவுத் திருவிழாவில் ஏரியைச் சுற்றிச் சிறு கடைகள் போட்டு, கையளவு தட்டில் விதவிதமாக விற்பார்கள். வார நாட்களில் போங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் ஆர்லாண்டோ ஊர்க்காரர்கள் திரண்டுவிடுவார்கள்.

மது கிடைக்குமா? நாங்கள் குடிக்காதவர்கள், எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

கிடைக்கும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். தலை நரைத்திருந்தாலும் அடையாள அட்டை கேட்பார்கள், வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட்தான் பாதுகாப்பு. மேஜிக் கிங்டம் மட்டும் திறந்த நாளிலிருந்து நாற்பது ஆண்டுகள் மது இல்லாமலே இருந்தது. 2012-இல் ஓர் உணவகத்தில் தொடங்கி மெல்லப் பரவியது. எப்காட்டின் பதினொரு நாடுகளிலும் ஆளுக்கொரு கோப்பை குடித்து ஏரியைச் சுற்றி வருவதை ஒரு சாதனையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆறாவது நாட்டில் பெஞ்சில் சாய்ந்து கிடப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஃப்ளோரிடா வெயிலில் அது நல்ல யோசனை இல்லை.

குடிக்காதவர்கள் எதையும் இழக்கப்போவதில்லை. நாங்கள் இருவரும் குடிப்பதில்லை. எங்கள் மாலைகள் பிரான்ஸ் அரங்கின் பேக்கரியில் கழிந்திருக்கின்றன.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

பத்து வருடம் முன்பு கேட்டிருந்தால் பிரெஞ்சு ஃபிரைஸ் என்று சொல்லியிருப்பேன். இப்போது மெனுக்களில் தாவர உணவுகளுக்குப் பக்கத்தில் ஓர் இலைச் சின்னம் போடுகிறார்கள். பால், முட்டை எதுவும் இல்லாதது என்று அதற்குப் பொருள். இலைச் சின்னம் இல்லாதவற்றில் சாதம் கோழி ரசத்தில் வெந்ததா என்று கேளுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் ஒவ்வாமை, கட்டுப்பாடு எதுவானாலும் முன்பதிவின்போதே குறிப்பிட்டுவிடுங்கள்; கேட்டால் சமையல்காரரே மேசைக்கு வந்து பேசுவதும் உண்டு.

அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள ‘சனா’ உணவகத்துக்கு அங்கே தங்காவிட்டாலும் போய் வாருங்கள். ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய மணம். பலவகை ரொட்டிகளையும் ஒன்பது தொடுகறிகளையும் ஒரே தட்டில் வைத்துத் தருவார்கள்; ஜன்னலுக்கு வெளியே மிருகங்கள் மேயும். தொடுகறிகளில் நம் ஊறுகாய்க்கு உறவான ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டதும் என் கணவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எந்தச் சவாரியும் தந்ததில்லை. இருட்டுவதற்கு முன் மேசை கிடைக்கும்படி முன்பதிவு செய்யுங்கள். அனிமல் கிங்டம் பூங்காவில் பண்டோரா பகுதியின் சட்டூலி கேண்டீனும் நல்லது.

பலருக்குத் தெரியாத ஒன்று: பூங்காக்களுக்குள் வெளி உணவு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, சூடுபடுத்தித் தர மாட்டார்கள், அவ்வளவுதான். சப்பாத்தியைத் தக்காளித் தொக்கு தடவிச் சுருட்டி எடுத்துப்போவேன். ஜெர்மனி அரங்கின் பக்கத்தில் ஒரு குட்டி ரயில் குட்டி ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம்.

உணவக முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும். டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள் அன்றே பத்து நாட்கள் வரையிலான தங்கலுக்கும் சேர்த்துப் பதியலாம். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் பதியாதீர்கள். இரண்டு போட்டால் நாள் முழுக்க மேசைக்காக ஓடுவதிலேயே போய்விடும்.

வரிசையில் நிற்காமல் இருக்கக் கூடுதல் பணம் கட்டுவது அவசியமா?

‘லைட்னிங் லேன்’ என்று பெயர். டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள் வந்து சேரும் நாளுக்கு 7 நாள் முன்பும், மற்றவர்கள் போகும் நாளுக்கு 3 நாள் முன்பும் கைப்பேசிச் செயலியில் வாங்கலாம். குடும்பங்களுக்கு அது தேவைப்படலாம். நமக்கு வேறு மூன்று வழிகள் இருக்கின்றன.

அரை மணி முன்பே போவது ஒன்று. வாணவேடிக்கை நேரத்தில் சவாரிக்குப் போவது இன்னொன்று. ஒருமுறை பார்த்துவிட்டால் இரண்டாம் முறை வானத்தை விட்டுவிடலாம். மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு வரிசையில் சேர்ந்தாலும் ஏற்றிவிடுவார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஒற்றை ஆள் வரிசை. எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், டெஸ்ட் ட்ராக், மில்லேனியம் ஃபால்கன் ஆகிய சவாரிகளில் உண்டு. காலியாக மிஞ்சும் ஒற்றை இருக்கைகளில் தனியாட்களை உட்கார வைப்பார்கள். கணவன் ஒரு பெட்டி, மனைவி ஒரு பெட்டி. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் மூன்று நிமிடப் பிரிவு தாங்கும்.

ரத்த அழுத்தம், முட்டி வலி எல்லாம் இருக்கிறது. எதில் ஏறலாம், எதைத் தவிர்ப்பது?

மருத்துவர் சொல்வதே முதல். வாசல் பலகையில் முதுகு, கழுத்து, இதயம் பற்றி எழுதியிருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை. எப்காட்டின் ‘மிஷன் ஸ்பேஸ்’ இரண்டு வகை: ஆரஞ்சு நிறம் உண்மையாகவே சுழற்றி அழுத்தும், பச்சை சாது. ‘காஸ்மிக் ரீவைண்ட்’ பின்னோக்கிப் பாய்ந்து பெட்டியையும் திருப்பும். எனக்கு அதில் ஏறி இறங்கிய பிறகு ஒரு மணி நேரம் உலகம் நிற்கவில்லை. இஞ்சி மிட்டாய் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா உட்கார்ந்து வர ஆசையா? எப்காட்டில் படகில் போய்ப் பசுமைக்குடில் பார்க்கும் ‘லிவிங் வித் தி லேண்ட்’. பூசணியும் கத்தரியும் மண்ணில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். மேஜிக் கிங்டமில் ‘பீப்பிள் மூவர்’: தலைக்கு மேலே மெதுவாக ஊர்ந்து, ஸ்பேஸ் மவுன்டன் சவாரியின் இருட்டுக்குள்ளும் புகுந்து வரும். 1975-இலிருந்து ஓடுகிறது. கால் வலிக்கும்போதெல்லாம் அதில்தான் ஏறுவோம். ஒரே மாலையில் நான்கு முறை.

நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடக்க நேரும். புதுச் செருப்போடு போனவர்களின் கதைகளை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகலாமா?

பெரியவர்கள் என்றால் தமிழில் இரண்டு அர்த்தம் என்பதால் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. தாராளமாகப் போகலாம். கௌரவம் பார்க்காமல் வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்கு எடுங்கள். அம்மா ‘எனக்கெதற்கு’ என்பார். பத்தாவது நிமிடம் பையை அதில் வைப்பார், இருபதாவது நிமிடம் உட்கார்ந்துவிடுவார். மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

என் மாமியாரை அனிமல் கிங்டமுக்கு அழைத்துப்போனோம். அங்கே ஆசியா என்ற பகுதியில் ‘ஆனந்தபூர்’ என்று ஒரு கற்பனை ஊர். நிறம் வெளுத்த சுவர் விளம்பரம், சாய்ந்த மின்கம்பம், காரை பெயர்ந்த கோபுரம் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அவர் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, ‘இதைப் பார்க்கவா இத்தனை டாலர்? சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கூடாதா?’ என்றார். புலிகளைப் பார்த்ததும் சமாதானமானார். சஃபாரி வண்டி மட்டும் தூக்கித் தூக்கிப் போடும், முதுகுவலிக்காரர்களுக்கு வேண்டாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஒரு நாள் டிக்கெட் 100 டாலருக்குக் கீழே கிடைக்காது. கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டமுக்கு 200-ஐ ஒட்டிப் போய்விடும். தேதிக்குத் தேதி விலை மாறும். நாட்கள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை இறங்கும். அறை வாடகையில் 12.5 சதவீத வரி தனி. குழந்தைகள் இல்லையென்றால் பாதிச் செலவு என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். டிஸ்னியின் கணக்கில் 10 வயது ஆனாலே பெரியவர் கட்டணம்தான், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ டிக்கெட்டே இல்லை. மிச்சமாவது பொம்மைக் கடையில்தான்.

வேடம் போட்டுக்கொண்டு போகலாமா?

14 வயது ஆகிவிட்டாலே அனுமதியில்லை. ஹாலோவீன், கிறிஸ்துமஸ் இரவு விருந்துகளில் மட்டும் விதிகளுக்கு உட்பட்டு விலக்கு உண்டு. மிக்கி காது வைத்துக்கொள்ளலாம். புகை பிடிக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி: 2019 மே மாதத்திலிருந்து பூங்காக்களுக்குள் இடமில்லை, வாசலுக்கு வெளியே போக வேண்டும்.

டிஸ்னியா, யூனிவர்சலா?

வயிறு கலங்கும் ரோலர் கோஸ்டர்தான் வேண்டும், நண்பர்கள் கூட்டமாகப் போகிறோம் என்றால் அதே ஊரில் டிஸ்னிக்குப் போட்டியாக இருக்கும் யூனிவர்சல். 2025 மே மாதம் ‘எபிக் யூனிவர்ஸ்’ என்ற புதிய பூங்காவையும் திறந்திருக்கிறார்கள். இலையுதிர் கால இரவுகளில் நடக்கும் பேய்த் திருவிழா 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிட்டு, நடந்து, பேசிக்கொண்டிருக்க என்றால் டிஸ்னி. அமெரிக்க விசாவுக்குக் காத்திருக்க முடியாதவர்கள் தோக்கியோவைப் பாருங்கள். 2001-இல் திறந்த டிஸ்னிஸீ பூங்காவைப் பெரியவர்களையும் மனதில் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டுமா?

நாங்கள் முதல் முறை சொல்லவில்லை. கணவர் கோட்டையின் முன் நின்று எடுத்த படத்தைத் தவறுதலாகக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். இரண்டு நிமிடத்தில் மகளிடமிருந்து அழைப்பு: ‘என்னை விட்டுவிட்டா?’ மகன் ஒரு அழும் முகத்தை மட்டும் அனுப்பினான். அவனுக்கு அப்போது 24 வயது. திரும்பும்போது மிட்சுகோஷியில் இரண்டு சோற்றுக் கிண்ணங்கள் வாங்கிவந்தோம். மகள் அதில் இப்போது தயிர் சாதம் சாப்பிடுகிறாள். அடுத்த டிசம்பருக்குத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நானும் அவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.